நாற்காலியை விட்டு எழுப்புங்கள்: சங்கமத்துக்குப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் முக்கால் மணி நேரத்தில் "அப்பா, வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்பதற்குப் பெரும்பாலும் கலை காரணம் இல்லை, பிளாஸ்டிக் நாற்காலிதான் காரணம். கும்மியும் ஒயிலாட்டமும் பறையாட்டமும் நான்கு பக்கமும் ஆட்கள் நின்று பார்க்க, களத்தில் ஆடப்பட்டவை. அவற்றை நான்கடி உயர மேடையில் ஏற்றி, எதிரே வரிசையாக உட்காரவைத்தால் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிவது முன்வரிசை மாமாவின் தலை மட்டுமே. அதனால் இந்தப் பதிவில் மேடைக்குக் கொஞ்சம் இடம்தான். மேடைக்குப் பின்னால், பக்கத்தில், கீழே என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். உங்கள் குடியிருப்பிலோ பள்ளியிலோ பொங்கல் விழாவுக்குச் சிறுவர் திடல் போடுகிறவர்களுக்கான செய்முறையும் பின்பாதியில் இருக்கிறது.

பொங்கலையொட்டி நடக்கும் நாட்டுப்புறக் கலை விழாவான சென்னை சங்கமம் 2007இல் தொடங்கியது. இடையில் பல ஆண்டுகள் நின்றுபோய், 2023 பொங்கலில் இருந்து தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை "சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா" என்ற பெயரில் அதை மறுபடி எடுத்து நடத்துகிறது. பூங்கா, விளையாட்டுத் திடல், கடற்கரை என்று ஒரே மாலையில் நகரின் பல இடங்களில் நடக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் தி.நகர் நடேசன் பூங்கா மாதிரி சுற்றுச்சுவரும் வாசலும் உள்ள இடமே நல்லது. தீவுத்திடல் பெரிது, கூட்டமும் பெரிது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் காற்று இருக்கும், மணல் இருக்கும். மணல் இருந்தால் பிள்ளை மேடையைத் திரும்பிப் பார்க்காது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிகழ்ச்சி ஆறு மணிக்கு என்றால் ஐந்து, ஐந்தே காலுக்கே போய்விடுங்கள். இடம் பிடிக்க அல்ல, பறை காய்ச்சுவதைப் பார்க்க. தை மாதத்து மாலையில், அதுவும் கடற்கரை ஈரத்தில், மாட்டுத்தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். தளர்ந்த பறையை அடித்தால் 'தொப்' என்றுதான் கேட்கும். வைக்கோலோ காகிதமோ காய்ந்த ஓலையோ போட்டுத் தீ மூட்டி, தோல் முகத்தை அனலில் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். ஈரம் போய்த் தோல் இழுபடும். நடுவில் விரலால் சுண்டிப் பார்த்து, ஓசை ஏறியிருக்கிறதா என்று கேட்டு, மறுபடி காட்டுவார்கள். அதே பறை காய்ச்சுவதற்கு முன்னும் பின்னும் எழுப்பும் ஓசையைக் கேட்ட பிள்ளைக்கு, தோல் இறுக இறுகச் சுருதி ஏறும் என்பதைப் பிறகு யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை. நிகழ்ச்சிக்கு நடுவிலும் ஒருவர் இறங்கி வந்து காய்ச்சிவிட்டுப் போவார், கவனித்துப் பாருங்கள். காய்ச்சாமலே மேடை ஏறுகிறார்கள் என்றால் அது ஃபைபர் தோல் பூட்டிய பறையாக இருக்கலாம். அதற்கு ஈரமும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கணீர் ஓசையில் ஒரு தகரச் சாயல் வந்துவிடும்.

நெருப்பிலிருந்து பிள்ளைகளை மூன்று நான்கு அடி தள்ளி நிறுத்துங்கள். வைக்கோல் பொறி பறக்கும், நைலான் பாவாடை ஒரு பொறியில் உருகும். அன்றைக்குப் பருத்தித் துணி உடுத்திவிடுவது உத்தமம்.

கலைஞர்களிடம் பேசலாம், பெரும்பாலும் சந்தோஷமாகவே பேசுவார்கள். "அண்ணே, பிள்ளை ஒருதரம் தொட்டுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடவிடுங்கள். கேட்காமல் கருவியை எடுப்பதும், தரையில் கிடக்கும் கருவியைக் காலால் தாண்டுவதும் கூடாது என்று வீட்டிலேயே சொல்லி அழைத்து வாருங்கள். பிள்ளைக்குக் காட்ட வேண்டியவை: பறையின் சட்டம் ஏறக்குறைய 35 செ.மீ. அகலம் இருக்கும், வேப்ப மரத்தில் வளைவாகச் செதுக்கிய மூன்று துண்டுகளை இரும்புத் தகடு வைத்து இணைத்திருப்பார்கள். மூன்று இணைப்பையும் விரலால் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். குச்சிகள் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. இடக்கையில் நீளமான, மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சி. வலக்கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. ஒன்று 28 செ.மீ. அளவில் என்றால் மற்றது 18 செ.மீ. அளவில் இருக்கும். சிம்புக்குச்சி தோலில் படும்போது வரும் சுளீர் ஓசையும் அடிக்குச்சியின் கனத்த ஓசையும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதைக் கண்ணை மூடிக் கேட்டுப் பிரிக்கச் சொன்னால், எட்டு வயதுப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடும்.

"இது சாவுக்கு அடிக்கிறதுதானே?" என்று பிள்ளை உரக்கக் கேட்கவும் கூடும். அதட்டி வாயை மூடாதீர்கள். சாவுக்கும் அடிப்பார்கள், சாமி சாட்டவும் வாழ்த்தவும் அடிப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடி உண்டு. சாமிச்சாட்டு அடி, மாரடி, வாழ்த்தடி, சப்பரத்து அடி, ஒத்தையடி என்று பெயர்களே அதைச் சொல்லும். அடிக்கிறவர்களைச் சாதி சொல்லி ஊர் ஒதுக்கியது, கருவியையும் சேர்த்து ஒதுக்கியது. இன்று பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஆசானிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார்கள். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்லலாம், புரியும்.

அடுத்தது காது. எட்டுப் பறை ஒன்றாக முழங்கும்போது பக்கத்தில் நிற்பதே பெரிய சத்தம். அதன் மேல் ஒலிபெருக்கி வேறு. 85 டெசிபெல்லில் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம்தான். பெரியவர்களின் உழைப்பு நேரத்துக்குப் போட்ட கணக்கு இது, பிள்ளைக்கு இதைவிடக் கண்டிப்பாகவே இருங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். ஒலிபெருக்கித் தூணிலிருந்து 5 மீட்டரில் நிற்கிறவர் 20 மீட்டருக்குப் போனாலே 12 குறைந்துவிடும். மேடையின் இரு ஓரங்களிலும் பெட்டிக்கு நேரே நிற்காதீர்கள். காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை. கைக்குழந்தை என்றால் காதை முழுதும் மூடும் மஃப் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது அந்த இருபது நிமிடம் தீனிக்கடைப் பக்கம் போய்விடுங்கள்.

எந்த வயதுக்கு எது என்று கேட்டால், நான்கைந்து வயதுக்குப் பொய்க்கால் குதிரை, மயிலாட்டம், காளையாட்டம். கண்ணுக்கு விருந்து, கதை புரிய வேண்டியதில்லை. கரகத்தில், தலைமேல் செம்பு நிற்பதைவிட அதன் உச்சியில் கிளிப் பொம்மை சுற்றுவதைத்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள். தெருக்கூத்தை ஊரில் விடிய விடிய ஆடுவார்கள், இங்கே வெட்டிச் சுருக்கிய ஒரு துண்டுதான் கிடைக்கும். ஆனாலும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வரும் வரை இருந்துவிட்டுப் போங்கள். வில்லுப்பாட்டுக்குச் சொல் புரிய வேண்டும், பத்து வயதுக்குக் கீழே நெளிவார்கள். சிலம்பம் சுற்றும் வட்டத்திலிருந்து நான்கைந்து மீட்டர் விலகி நில்லுங்கள். நெற்றி உயரக் கம்பும் நீட்டிய கையும் சேர்ந்தாலே இரண்டரை மீட்டர் ஆகிவிடும், கை நழுவினால் கம்பு அதற்கும் அப்பால் போகும். தீச்சிலம்பத்துக்கு இன்னும் பின்னால்.

தோல்பாவைக் கூத்து இருந்தால் அதை விடாதீர்கள். முதல் பத்து நிமிடம் திரைக்கு முன்னால் உட்காருங்கள். பிறகு உதவியாளரிடம் கேட்டு, ஓசைப்படாமல் பின்பக்கம் போய் ஐந்து நிமிடம் பாருங்கள். பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாகவும், விலக்கினால் பெரிதாகி மங்கலாகவும் தெரிவதையும், இத்தனை பாத்திரத்துக்கும் ஒரே வாய் பேசுவதையும் பிள்ளை அங்கேதான் காணும். மறுபடி முன்னால் வந்து பார்க்கும்போது பார்வையே வேறாக இருக்கும். வீட்டில் வெள்ளை வேட்டியைக் கட்டி இதைச் செய்து பார்ப்பவர்கள் டியூப்லைட்டை வைத்துவிட்டு நிழலே விழவில்லை என்பார்கள். நீண்ட விளக்கில் நிழலின் ஓரம் கரைந்துபோகும். கைபேசியின் ஒற்றை டார்ச் போதும்.

இனி, திடல் போடுகிறவர்களுக்கு. முதலில் ஒரு விண்ணப்பம்: இருபது பிள்ளைகளுக்கு இருபது பொம்மை மேளம் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மூன்றாவது நிமிடம் யார் அடிப்பதும் யாருக்கும் கேட்காது. தாளம் கைதட்டலில் தொடங்க வேண்டும். 'தகிட' என்று மூன்று, 'தகதிமி' என்று நான்கு. வாயால் சொல்லிக்கொண்டே முதல் எழுத்தில் மட்டும் தட்டச் சொல்லுங்கள். பாதிப் பேர் மூன்று, பாதிப் பேர் நான்கு என்று ஒரே வேகத்தில் சொல்லவைத்தால் 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை இரு பக்கத் தட்டலும் சேர்ந்து விழும். அந்த இடம் வரும்போது தானாகவே கூச்சல் எழும். வரட்டும்.

அதிலிருந்து கும்மிக்கு ஒரு எட்டுத்தான். 12 பேருக்கு 4 மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் போதும், சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டுவிடுங்கள். நான்கு எண்ணிக்கை: வலப்பக்கம் ஓரடி எடுத்துவைத்து நெஞ்சுக்கு நேரே தட்டு, காலைச் சேர், குனிந்து முழங்காலுக்குக் கீழே தட்டு, நிமிர்ந்து தலைக்கு மேலே தட்டு. இவ்வளவே. கெடுப்பது வேகம்தான். பாட்டுப் பெட்டியில் சினிமாப் பாட்டைப் போட்டால் அதன் ஓட்டத்துக்குச் சின்னக் கால்கள் ஈடுகொடுக்காது. ஒரு பாட்டியை நடுவில் நிறுத்திப் பாடச் சொல்லுங்கள். பிள்ளைகள் தடுமாறும்போது பாட்டும் மெதுவாகும். இந்த வசதி பெட்டியில் இல்லை.

காலில் உயரக் கட்டை கட்டி ஆடும் கொக்கலிக்கட்டை ஆட்டத்தைப் பார்த்த பிள்ளைகள் உடனே கட்டை கேட்பார்கள். அதற்கு மாற்று, தேங்காய்ச் சிரட்டை மேல் ஏறி நடக்கும் சிரட்டை நடை. இரண்டு முற்றிய தேங்காயின் கண் பக்கத்து மூடிகள் வேண்டும். ஒரே தேங்காயின் இரு மூடிகளை எடுத்தால் ஒன்றில்தான் கண் இருக்கும், மற்றதைத் துளைக்கப் போய் உடைப்பீர்கள். மூன்று கண்ணில் மெல்லிய கண் ஒன்றைக் கம்பியால் குத்தித் திறந்து, 6 மி.மீ. பருத்திக் கயிற்றை மேலிருந்து உள்ளே விட்டு, உட்புறம் ஒரு துண்டுக் குச்சியைக் குறுக்கே வைத்து முடிச்சுப் போடுங்கள். முடிச்சை மட்டும் நம்பினால் நான்காவது பிள்ளை ஏறும்போது உருவிக்கொண்டு வரும். கயிற்றின் மறுமுனை அடுத்த சிரட்டைக்கு. ஆறு வயதுக்கு மொத்த நீளம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். சிரட்டை மேல் நின்றபடி கயிறு இடுப்பளவில் கைக்கு எட்ட வேண்டும். கவிழ்த்துவைத்தால் ஆடாத அளவுக்கு விளிம்பைச் சொரசொரப்பான சிமெண்டில் தேய்த்துச் சமமாக்குங்கள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றைக் கொடுத்து, கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும். கயிறு தொய்ந்தால் சிரட்டை பின்தங்கிவிடும், விழுவதெல்லாம் அதனால்தான். செருப்போடு நடக்க முடியாது, எனவே தரையில் முள்ளும் கண்ணாடியும் இல்லையா என்று பார்ப்பது உங்கள் வேலை. கெட்டியான மண்தரை நல்லது. டைல்ஸ் வழுக்கும், கடற்கரை மணலில் புதையும்.

வில்லுப்பாட்டின் குடத்தையும் பிள்ளைகளே செய்து தட்டலாம். 10 முதல் 12 செ.மீ. வாயுள்ள மண்பானை, அதைத் தாங்க வைக்கோல் பிரிமணை, தட்டுவதற்குப் பழைய ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய ஒரு துண்டு. துண்டு வாயைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். வாயை முழுதும் மூடுகிற மாதிரித் தட்டி உடனே எடுத்தால் உள்ளிருக்கும் காற்று 'கும்' என்று பேசும். எடுக்காமல் அழுத்திவைத்தால் ஓசை செத்துவிடும், எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்யும் தவறு இதுதான். பானை வாங்கும்போது சுண்டிப் பார்த்து வாங்குங்கள். விரிசல் விட்டது 'கட்'டென்று கேட்கும். பிரிமணை இல்லாமல் தரையில் நேராக வைத்தால் ஓசையும் குறையும், பானையும் உருளும்.

அட்டைக் குதிரைக்கு 50 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலமுள்ள பெட்டியின் மேலும் கீழும் திறந்துவிட்டு, இரண்டு அட்டைகளை ஒட்டிச் செய்த தலையை முன்னால் பொருத்தி, பழைய புடவையைச் சுற்றிக் கட்ட வேண்டும். புடவை தரைக்குப் பத்து செ.மீ. மேலேயே நிற்கட்டும், தரை தொட்டால் மிதித்து விழுவார்கள். தலைக் கனத்தால் பெட்டி முன்னால் குப்புறச் சாயும். தோள்பட்டை நாடாவின் முன்முனைகளைத் தலைக்கு அருகிலேயே கட்டி, வாலை உள்ளே துணி திணித்துக் கனமாக்கினால் நேராகும். நாடாக்களை முதுகில் குறுக்காக மாற்றிக் கட்டாவிட்டால் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும். வெட்டுவதிலிருந்து தொடங்கினால் ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். வெட்டிய அட்டையைத் தயாராக வைத்து, வண்ணமும் கட்டும் வேலையும் மட்டும் பிள்ளைகளிடம் விடுங்கள்.

பத்து வயதுக்கு மேல் எட்டுப் பேர் கிடைத்தால் பின்னல் கோலாட்டம்: மேலிருந்து தொங்கும் நாடாக்களைப் பிடித்தபடி ஒருவரையொருவர் கடந்து சுற்றி, அவற்றைப் பின்னிப் பிரிக்கும் ஆட்டம். ஒரு மணி நேரம் எட்டுப் பிள்ளைகளைக் கைபேசி நினைவே இல்லாமல் வைத்திருக்க இதைவிட வேறெதுவும் தெரியவில்லை. 3 மீட்டர் உயரத்தில் பலமான மரக்கிளை அல்லது கொக்கி. அதில் ஒரு வளையம், சுற்றாதபடி இறுக்கிக் கட்டியது. வளையத்திலிருந்து 4 மீட்டர் நீளத்தில் எட்டு நாடா. பழைய புடவையை மூன்று விரல் அகலத்தில் கிழித்தால் போதும். நைலான் கயிறு முறுக்கிக்கொள்ளும், பின்னல் நழுவும். முதல் நாள் கோல் வேண்டாம், நாடா மட்டும். தரையில் 2 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, எட்டு இடத்தில் 1 முதல் 8 வரை எண் எழுதுங்கள். ஒற்றை எண்காரர்களுக்குச் சிவப்பு நாடா, இரட்டைக்கு மஞ்சள். ஒன்றும் இரண்டும் ஒருவரையொருவர் பார்க்க, மூன்றும் நான்கும் பார்க்க, அப்படியே எட்டு வரை.

முதல் சந்திப்பில் சிவப்பு வெளியே போகும், தன் நாடாவை உயர்த்தி. மஞ்சள் குனிந்து உள்ளே நுழையும். அடுத்த ஆளைச் சந்திக்கும்போது சிவப்பு உள்ளே, மஞ்சள் வெளியே. சிவப்புக்காரர்கள் வாயால் "வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே" என்று சொல்லிக்கொண்டே போகட்டும். திரும்பக் கூடாது, முந்தக் கூடாது. எட்டுச் சந்திப்பு முடிந்தால் ஒரு முழுச்சுற்று. எல்லோரும் அவரவர் எண் மேல் நிற்க வேண்டும். நின்றால் பின்னலும் சரி. ஒருவர் தவறிய எண்ணில் நின்றால் பின்னலில் முண்டு விழுந்திருக்கும்.

முண்டு விழக் காரணம் இரண்டு. ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு முறை வெளியே போவது, அல்லது நாடாவைத் தொய்யவிட்டு நடப்பதால் அடுத்தவர் நாடா அதில் மாட்டிக்கொள்வது. தெரிந்த நொடியே "நில்" என்று எல்லோரையும் நிறுத்துங்கள். அந்த இருவர் மட்டும் வந்த வழியே ஓரடி பின்வாங்கி மாற்றிப் போனால் சரியாகிவிடும். மேலும் இரண்டு சந்திப்பு போய்விட்டால் எட்டுப் பேரும் பின்வாங்க வேண்டியிருக்கும்.

பின்னப் பின்ன நாடா குறுகி, வட்டம் சுருங்கும். தோளோடு தோள் இடிக்கும் நிலை வரும் முன் நிறுத்திப் பிரிக்கத் தொடங்குங்கள். எல்லோரும் அவரவர் எண்ணில் நின்று நேர் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். இப்போது முன்னால் நிற்பவர் கடைசியாகக் கடந்துவந்த அதே ஆள். கடைசியாகச் சிவப்பு உள்ளே போயிருந்ததால், பிரிக்கும்போது சிவப்பின் முதல் அடி "உள்ளே". பழக்கத்தில் "வெளியே" என்று தொடங்கிவிட்டால் பிரியாமல் மேலும் பின்னிக்கொள்ளும், பெரியவர்களே இங்கேதான் சறுக்குகிறார்கள். எத்தனை சுற்றுப் பின்னினீர்களோ அத்தனை சுற்று. எண்ணுவதற்கென்றே ஓரத்தில் ஒரு பிள்ளையை உட்காரவையுங்கள். இரண்டாம் நாள் ஓரடிக் கோலைக் கையில் கொடுத்து, கடக்கும்போது ஒரு தட்டு என்று சேர்த்துக்கொள்ளலாம்.

பிள்ளையின் மணிக்கட்டில் உங்கள் கைபேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள், வியர்த்தால் அழியும் மையில் அல்ல. விழா முடிந்ததும் நாடாக்களை வளையத்தோடு பந்தாகச் சுருட்டிப் பையில் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி நூலால் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் போட்டால் அடுத்த தைக்குள் அது இளகித் துணியோடு ஒட்டிக்கொள்ளும்.